சாய்த்தாலும் திரும்பவில்லை, பேசினாலும் கேட்கவில்லை: போன் செயலிகளைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

போனைச் சாய்த்தால் திரும்பும் கார் விளையாட்டு, குரல் கொடுத்தால் குதிக்கும் பொம்மை, "அடுத்து" என்றால் பக்கம் புரட்டும் பாடச் செயலி என்று இன்று பல வீடுகளில் இருக்கின்றன. நல்ல விரல் உள்ளவர்களுக்கு இது ஒரு வசதி. கை நடுங்கும் பெரியவருக்கும், விரலில் பிடிமானம் குறைந்த பிள்ளைக்கும், எழுத்துக் கூட்டித் தட்டத் தெரியாதவர்களுக்கும் போனுக்குள் போக இருக்கும் ஒரே வாசல் பல நேரம் இதுதான். அது அடைபட்டால் அவர்களுக்குப் போனே இல்லாத மாதிரி. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மொபைல் சர்வீஸ் வேலையில் இருப்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். கடலூர் லாரன்ஸ் ரோடானாலும் சரி, புதுச்சேரி நேரு வீதியானாலும் சரி, இந்தக் கோளாறோடு கடைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றில் பாகம் எதுவும் பழுதாகியிருக்காது. ஏதோ ஒரு அனுமதி மூடியிருக்கும், அல்லது ஒரு துளை அடைத்திருக்கும், அல்லது போனைப் பிடிக்கிற விதம் செயலி எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. எடுத்த எடுப்பில் "ரீசெட் அடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரீசெட்டில் போட்டோவும் பதிவுகளும்தான் போகும், அடைத்த துளை திறக்காது.

முதல் படி: செயலியை மூடிவிட்டுப் போனைச் சோதியுங்கள்

கோளாறு செயலியிலா, போனிலா? இதை முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சாய்வுக்கு எளிய சோதனை, திரை சுழல்கிறதா என்று பார்ப்பது. மேலிருந்து இழுக்கும் பட்டியலில் ஆட்டோ ரொட்டேட்டைப் போடுங்கள். முகப்புத் திரை பல போன்களில் சுழலாது, அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். கேலரியில் ஒரு போட்டோவைத் திறந்து போனைப் பக்கவாட்டில் திருப்புங்கள். படமும் திரும்பினால் சாய்வை உணரும் உறுப்பு உயிரோடு இருக்கிறது. ஐபோனில் மெஷர் செயலிக்குள் லெவல் என்று ஒரு பகுதி உண்டு, அதிலும் பார்க்கலாம்.

குரலுக்கு, போனிலேயே இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டரில் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். பிறகு ஒரு சின்ன வீடியோ எடுத்து அதிலும் குரலைக் கேளுங்கள். பல போன்களில் கீழ் விளிம்பில் ஒரு மைக்கும், மேலேயோ கேமரா பக்கத்திலோ இன்னொரு மைக்கும் இருக்கும். வீடியோவில் தெளிவாகவும் ரெக்கார்டரில் மங்கலாகவும் கேட்டால், கீழ் மைக்கின் மேல்தான் முதல் சந்தேகம்.

இரண்டு சோதனையும் தேறிவிட்டால் போனில் குறையில்லை. அனுமதி, மொழி, செயலி ஆகியவற்றைப் பார்த்தால் போதும்.

சாய்வு, குரல் இரண்டும் ஒரே நாளில் ஒன்றாகச் செத்துவிட்டதா? கூடவே கேமராவும் திறக்க மறுக்கிறதா? அப்படியென்றால் ஆண்ட்ராய்டு 10 முதல் வந்த சென்சார்ஸ் ஆஃப் என்ற பொத்தானைச் சந்தேகப்படுங்கள். செயலி எழுதுபவர்களுக்காகச் செட்டிங்ஸில் மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்தவர்களின் போனில் மட்டும்தான் இது வரும். வீட்டில் கல்லூரிப் பிள்ளை யாராவது அதைத் திறந்து வைத்திருப்பார்கள், மேல் பட்டியலில் டார்ச்சைத் தேடும் விரல் இதை அமுக்கிவிடும். அதை அணைத்தால் எல்லாம் ஒரே நொடியில் திரும்பி வரும்.

சாய்வு எப்படி வேலை செய்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும். போனுக்குள் ஆக்சிலரோமீட்டர் என்ற சில்லு இருக்கிறது. சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய எடை ஒன்று, அதைவிட நுண்ணிய ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. கொத்தனார் சுவரோரம் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரிதான் அது, எந்தப் பக்கம் தரை என்று எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும். போன் சாயும்போது அந்த எடை இம்மியளவு நகர்கிறது, அதனால் மாறும் மின் அளவை வைத்துப் போன் தன் சாய்வைக் கணக்கிடுகிறது.

இதை எண்ணாகவே பார்க்க முடியும். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியை நான் எல்லோருக்கும் சொல்வதுண்டு. அதில் "அக்சலரேஷன் வித் ஜி" என்ற பகுதியைத் திறந்து ஓட விடுங்கள். எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண்கள் வரும். திரை மேலே பார்க்க மேசையில் வைத்தால் இசட் 9.8 அருகில் நிற்க வேண்டும், மற்ற இரண்டும் சுழியத்தை ஒட்டி இருக்க வேண்டும். நேராக நிறுத்தினால் அந்த 9.8 ஒய்க்குப் போகும். பக்கவாட்டில் நிறுத்தினால் எக்ஸுக்குப் போகும். முன்னால் கழித்தல் குறி வந்தால் கவலை வேண்டாம், எந்தப் பக்கம் சாய்த்தீர்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. கொஞ்சம் கூடக்குறைய இருப்பதும் இயல்புதான். எப்படித் திருப்பினாலும் ஒரு எண் அசையாமல் அப்படியே நின்றால், ஒரு முறை போனை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால்தான் சென்சார் பழுது.

சாம்சங் போனில் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று போட்டாலும், ரெட்மி, போக்கோ போன்களில் *#*#6484*#*# என்று போட்டாலும் நிறுவனத்தின் சோதனைப் பக்கம் திறக்கும். சில மாடல்களில் இதை மூடி வைத்திருப்பார்கள். வேறு யாரோ அனுப்பும் எண்களை மட்டும் தெரியாமல் டயல் செய்யாதீர்கள், உங்கள் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் குறிகளும் இப்படித்தான் உலவுகின்றன.

சென்சார் நன்றாக இருந்தும் கார் திரும்பவில்லையா?

போனைப் பிடித்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான்.

திரை உங்கள் முகத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும்போது ஸ்டீயரிங் மாதிரித் திருப்பினால் ஆக்சிலரோமீட்டருக்கு நன்றாகத் தெரியும். அதே போனை மடியில் படுக்க வைத்துத் தட்டைச் சுற்றுவது போலத் திருப்பினால் அதற்கு ஒன்றுமே தெரியாது. தரை இருக்கும் திசை மாறவே இல்லையே, அது எதைச் சொல்லும்? பாயில் மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேல் பிடித்து ஆடும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். திரை தரையைப் பார்க்கிறது, ஸ்டீயரிங் திருப்புவது அதற்கு எட்டாது. எழுந்து உட்கார்ந்து ஆடச் சொல்லுங்கள், கோளாறு பறந்துவிடும்.

படுத்தபடியே சுற்றுவதையும் உணர கைரோஸ்கோப் என்ற இன்னொரு சென்சார் வேண்டும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் அது கிடையாது. ஃபைஃபாக்ஸில் கைரோஸ்கோப் பகுதி மங்கலாகத் தெரிந்தாலோ, இந்தப் போனில் இல்லை என்று செய்தி வந்தாலோ அதைக் கடையில் யாரும் பொருத்தித் தர முடியாது. சுடும் விளையாட்டுகளில் கைரோ ஆப்ஷனைப் போட்டும் அசையவில்லை என்று வருகிறவர்களில் பலருடைய போனில் அந்தச் சென்சாரே இருக்காது. இதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம்.

கைரோஸ்கோப் இருந்தும் படம் தானாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போகிறதா? போன் சூடாகியிருக்கலாம். வெப்பம் ஏற ஏற கைரோவின் கணக்கு மெல்ல விலகும். கத்திரி வெயிலில் சில்வர் பீச் மணலில் உட்கார்ந்து ஆடினால் இது நடக்கத்தான் செய்யும். நிழலுக்கு வந்து, செயலியை மூடி, போனை ஒரு மட்டமான இடத்தில் சற்று நேரம் அசையாமல் வைத்துவிட்டுத் திறங்கள்.

பல விளையாட்டுகள் ஆட்டம் தொடங்கும் நொடியில் போன் எப்படி இருக்கிறதோ அதையே "நேர்" என்று வைத்துக்கொள்ளும். சாய்வாகப் பிடித்துத் தொடங்கினால் கடைசிவரை கார் ஒரு பக்கம் இழுக்கும். செயலியின் அமைப்புகளில் கேலிபிரேட் என்ற பொத்தான் இருந்தால், வழக்கமாக ஆடும் நிலையில் போனைப் பிடித்துக்கொண்டு அதை அமுக்குங்கள். மேசையில் வைத்து அமுக்கினால் பிறகு கையில் எடுக்கும்போது இழுக்கும். சென்சிட்டிவிட்டி அளவு இருந்தால் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். கை நடுங்குபவர்களுக்கு அதைக் குறைத்து வைப்பதுதான் உதவி.

ஓடும் பஸ்ஸில் சாய்வு விளையாட்டு சரிவராது. பிரேக் போடுவதும் வளைவில் திரும்புவதும் அந்தச் சின்ன எடையைத் தள்ளும், போன் அதையும் சாய்வு என்றே எடுத்துக்கொள்ளும். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் வைத்துப் போனை எடை போடாதீர்கள்.

காந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. காந்த மூடி வைத்த கவர், பின்னால் ஒட்டும் இரும்புத் தகடு, வண்டியில் மாட்டும் காந்தப் பிடி ஆகியவை ஆக்சிலரோமீட்டரைத் தொடுவதில்லை. திசைகாட்டியைக் குழப்பும். சில செயலிகள் திசைகாட்டியையும் சேர்த்தே கணக்கிடுவதால் கவரைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. கழற்றிய பின் காற்றில் எட்டு என்ற எண்ணை வரைவது போலப் போனைச் சில முறை சுழற்றினால் திசைகாட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

குரல்: முதலில் துளையைப் பாருங்கள்

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகின்றன. அது மைக் துளையின் சல்லடையில் படிந்து, சட்டைப் பையின் நூல்தூசியோடு இறுகி ஒரு மெல்லிய அடைப்பாக மாறுகிறது. கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களின் போன்களைவிட தேவனாம்பட்டினம், முதுநகர், வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டிய பக்கம் புழங்கும் போன்களில் இதை அதிகம் பார்க்கிறேன்.

போனைக் கவரிலிருந்து எடுத்து, சார்ஜ் போடும் துவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்னத் துளையை வெளிச்சத்தில் பாருங்கள். நன்றாக உலர்ந்த, புதிய, மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். துளை தரையைப் பார்க்கும்படி போனைப் பிடித்து, பக்கவாட்டில் மெல்லத் தேயுங்கள். துளை கீழே பார்க்க வேண்டும் என்பது முக்கியம், அப்போதுதான் தூசி வெளியே விழும். வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். ஊசி கூடவே கூடாது. சிம் தட்டைத் திறக்கும் பின்னை மைக் துளையில் குத்திச் சல்லடையைக் கிழித்தவர்கள் ஏராளம். இரண்டு துளைகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். சிம் தட்டைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு கோடு தெரியும், அதற்குள் இருப்பது மட்டும்தான் சிம் துளை.

மழையில் நனைந்த போன் என்றால் அரிசியில் புதைக்க வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது, அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும். சார்ஜ் துவாரம் கீழே பார்க்க உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். முழுதாக உலர ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை சார்ஜ் போடாதீர்கள்.

மீன் ஏலம் முடிந்த நேரத்தில் முதுநகர் துறைமுகத்தில் ஒரு அக்கா போனை நீட்டினார். ஜிப் வைத்த தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை, உள்ளே இரண்டு பத்து ரூபாய் நோட்டுகள், உறையின் மேல் ஒட்டிக் காய்ந்த செதில்கள்.

"தம்பி, நான் கத்து கத்துன்னு கத்துறேன், இது காதுலயே வாங்க மாட்டேங்குது."

"உறையை விட்டு வெளியே எடுத்துப் பேசுங்கக்கா."

எடுத்துப் பேசினார். வழக்கமாகப் பேசும் குரலில், கத்தாமல். உடனே எழுத்து ஓடியது. உறையும் மடித்து வைத்த நோட்டுகளும் சேர்ந்து கீழ் மைக்கை முழுதாக மூடியிருந்தன. தொழிலில் தண்ணீர் படும், அதனால் உறை வேண்டாம் என்று சொல்ல முடியாது. நோட்டைப் போனுக்குக் கீழே சொருகாமல் பின்னால் வைக்கலாம், குரலில் தேடும்போது மட்டும் ஜிப்பைத் திறக்கலாம்.

அனுமதியும், பச்சைப் புள்ளியும்

ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதாவது செயலி மைக்கைத் திறந்தால் திரையின் மேல் ஓரத்தில் ஒரு பச்சைக் குறி வரும். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் ஆரஞ்சுப் புள்ளி. குரல் கோளாறுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

செயலியில் பேசும் பொத்தானை அமுக்கியும் புள்ளி வரவில்லையா? செயலி மைக்கைத் தொடவே இல்லை. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் அந்தச் செயலி, அதில் பெர்மிஷன்ஸ், அதில் மைக்ரோபோன் என்று போய், பயன்படுத்தும்போது அனுமதி என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் இரண்டு பழக்கங்கள் வந்தன. அனுமதி கேட்கும்போது இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்தச் செயலி மறுபடி கேட்காது. சில மாதம் திறக்காமல் வைத்த செயலியின் அனுமதியைப் போனே திரும்ப எடுத்துக்கொள்ளும். கோடை விடுமுறையில் ஆடிய விளையாட்டை அடுத்த விடுமுறையில் திறந்தால் செவிடாக இருப்பது இதனால்தான்.

அனுமதி இருந்தும் வேலை நடக்கவில்லையா? மேல் பட்டியலில் மைக் அக்சஸ் என்ற பொத்தானைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள இந்தப் பொத்தான் எல்லாச் செயலிக்கும் சேர்த்து மைக்கை அடைக்கும். அது திறந்திருந்தால் மிச்சம் இருப்பது துளை அடைப்பு, மொழி, அல்லது மைக்கை வேறொன்று பிடித்து வைத்திருப்பது.

ஐபோனில் மைக்ரோபோன் அனுமதி வேறு, ஸ்பீச் ரெகக்னிஷன் அனுமதி வேறு. பிரைவசி பகுதியில் இரண்டையும் பாருங்கள், ஒன்று மட்டும் திறந்திருந்தால் ஒலி போகும், சொல் புரியாது.

விளையாட்டு இணையப் பக்கமாகத் திறக்கிறது என்றால், வாட்ஸ்அப் லிங்கைத் தொட்டதும் உள்ளேயே திறக்கும் பக்கத்தை நம்பாமல் குரோமிலோ சஃபாரியிலோ திறங்கள். முகவரி பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் இல்லாவிட்டால் மைக்கும் சாய்வும் கிடைக்காது. சஃபாரி, அசைவை அறிய அனுமதி கேட்கும்போது வேண்டாம் என்றிருந்தால், சஃபாரியையே முழுதாக மூடித் திறந்து மறுபடி அனுமதியுங்கள்.

மைக்கை வேறு யார் பிடித்திருக்கிறார்கள்?

புளூடூத்தை அணைத்துப் பாருங்கள். வீட்டின் உள் அறையில் கிடக்கும் இயர்பட்ஸோ வாசலில் நிற்கும் காரோ இணைந்திருந்தால், சில செயலிகள் அங்கிருந்து கேட்க முயலும். அழைப்பில் இருக்கும்போது மற்றச் செயலிகளுக்கு மைக் பெரும்பாலும் கிடைக்காது, வாட்ஸ்அப் அழைப்பிலும் அப்படித்தான். இயர்போன் சொருகாமலே மேலே ஹெட்செட் படம் தெரிந்தால் அந்தத் துவாரத்தில் ஈரமோ தூசியோ இருக்கிறது. இல்லாத இயர்போனின் மைக்கைப் போன் தேடிக்கொண்டிருக்கும்.

கேட்கிறது, ஆனால் புரியவில்லை

குரல் செயலிகளில் இரண்டு வகை உண்டு. சத்தத்தின் அளவை மட்டும் பார்க்கும் வகைக்கு மொழி தேவையில்லை, கைதட்டினாலும் பொம்மை குதிக்கும். சொல்லைப் புரிந்துகொள்ளும் வகைதான் மொழி அமைப்பில் மாட்டிக்கொள்ளும். கைதட்டிப் பாருங்கள், எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கூகுள் செயலியின் அமைப்புகளில் வாய்ஸ் பகுதிக்குப் போனால் மொழி தெரியும். தமிழ் என்பதே அங்கே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று பிரிந்திருக்கும். நமக்கு இந்தியா. செயலி "லெஃப்ட்", "ரைட்" என்று ஆங்கிலத்தில் மட்டும் கட்டளை எடுக்கும் என்றால் இங்கிலீஷ் இந்தியாவை வையுங்கள், அமெரிக்க ஆங்கிலத்தைவிட நம் உச்சரிப்பை அது நன்றாகப் பிடிக்கும்.

புதுச்சேரியில் இன்னொன்றும் உண்டு. சொல்தா வீடுகளிலும் (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள்), பிரான்சில் உறவினர் இருக்கும் வீடுகளிலும், அங்கே வாங்கிவந்த போன்கள் புழங்கும். போன் மொழியைத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றியிருப்பார்கள், குரல் மொழி மட்டும் பிரெஞ்சிலேயே நின்றிருக்கும். தாத்தா தமிழில் பேசப் பேச பிரெஞ்சுச் சொற்களாகவே திரையில் வந்தால், பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நெட் இல்லாதபோது மட்டும் குரல் நின்றுபோனால், சொல்லை அறியும் வேலை சர்வரில் நடக்கிறது என்று அர்த்தம். உங்கள் மொழிக்கு ஆஃப்லைன் பேக் கிடைத்தால் இறக்கி வையுங்கள்.

பேசும் முறையும் உண்டு. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், இயல்பான குரல், பொத்தானை அமுக்கிய பின் ஒரு நொடி விட்டுப் பேச்சு. விளையாட்டின் இசையைக் குறைத்து வையுங்கள், போனின் ஸ்பீக்கரே மைக்குக்குள் கத்திக்கொண்டிருந்தால் உங்கள் சொல் எடுபடாது. கடற்கரைச் சாலையில் நின்று பேசும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், மைக் துளையில் காற்று மோதினால் சொல் எல்லாம் இரைச்சலாகிவிடும்.

செயலியைச் சரிசெய்வது

இத்தனையும் தேறிய பிறகுதான் செயலி. முதலில் முழுதாக மூடித் திறங்கள். பிளே ஸ்டோரில் அப்டேட் இருக்கிறதா பாருங்கள். பேட்டரி சேவரை அணையுங்கள். பிறகு செயலியின் தற்காலிகக் கோப்புகளான கேச்சை அழியுங்கள், அதில் எதுவும் தொலையாது. டேட்டாவை அழிப்பது வேறு. கணக்கோடு இணைக்காத விளையாட்டு என்றால் பிள்ளை தாண்டிய நிலைகள் எல்லாம் போய்விடும், கேட்காமல் செய்யாதீர்கள். செயலியைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டுச் சோதிக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணிக்குப் போன செயலிக்கு மைக்கும் சென்சாரும் கிடைப்பதில்லை.

கடைக்குப் போக வேண்டியிருந்தால்

ரெக்கார்டரிலும் குரல் வரவில்லை, துளையும் சுத்தம் என்றால் மைக் பழுது. பல ஆண்ட்ராய்டு போன்களில் கீழ் மைக், சார்ஜிங் போர்டிலேயே இருக்கிறது. கடையில் சிசி போர்டு என்பார்கள். அதை மட்டும் மாற்றினால் போதும், மெயின் போர்டைத் தொட வேண்டியதில்லை. டிஸ்பிளேயோ சார்ஜ் துவாரமோ மாற்றிய பின் குரல் மங்கியிருந்தால் மைக்கின் ரப்பர் உறை சரியாக உட்காரவில்லை, மாற்றிய இடத்திலேயே காட்டுங்கள். ரெக்கார்டரில் எடுத்த ஒலியைக் கடைக்காரருக்குப் போட்டுக் காட்டினால் விளக்கம் தேவைப்படாது.

ஆக்சிலரோமீட்டரின் நிலைமை வேறு. அது மெயின் போர்டில் பற்றவைத்தது. ஒரு விளையாட்டுக்காக அதை மாற்றும் செலவுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பெரும்பாலான கார் விளையாட்டுகளில் சாய்வுக்குப் பதில் திரைப் பொத்தான்களை வைக்கும் வசதி உண்டு. விரல் ஒத்துழைக்காத பிள்ளைக்குப் பெரிய பொத்தான்கள் கொண்ட புளூடூத் கேம்பேட் நல்ல மாற்று. வாங்குமுன் அந்த விளையாட்டு கேம்பேடை ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஃபைஃபாக்ஸில் எண்கள் ஒழுங்காக ஓட, ரெக்கார்டரில் குரல் தெளிவாக இருக்க, ஒரே ஒரு செயலி மட்டும் மறுத்தால் அதை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் டெவலப்பர் தொடர்பு என்ற இடத்தில் மின்னஞ்சல் இருக்கும். போனின் மாடல், ஆண்ட்ராய்டு எண், செயலியின் பதிப்பு, எந்தப் பக்கம் சாய்த்தால் என்ன நடக்கிறது, எந்தச் சொல்லைச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதை எழுதி, இன்னொரு போனில் எடுத்த ஒரு சின்ன வீடியோவையும் இணைத்து அனுப்புங்கள்.